பால் கணக்கு

பீடோங் கிளினிக்கில் ஏழரைக்கே நாற்காலி பிடித்தாக வேண்டும்.
முதல் தடவை எல்லாருக்கும் எடுக்கிற ரத்தம்தான்
என்றார் மிஸ்ஸி நோராய்னி.
சர்க்கரை, இரும்பு, இன்னும் ஒன்றிரண்டு.
அந்த இன்னும் ஒன்றிரண்டில்
இருந்தது எனக்கு.

கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்கள்.
மேசையில் ஒரு பிளாஸ்டிக் கர்ப்பப்பை,
அதற்குள் தலைகீழாய் ஒரு பிள்ளை,
அதன் மூக்கில் தூசி.
தூசியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒழுங்காய் மாத்திரை சாப்பிட்டால்
பிள்ளைக்கு அநேகமாக வராது என்றார், மலாயில்.
தமிழ் தெரிந்த அட்டெண்டனைக் கூப்பிடவா என்றார்.
வேண்டாம் என்றேன்.
தமிழில் கேட்டால் தாங்காது.

அன்றிரவே லோகநாதன் லாரியோடு ஜொகூருக்குப் போனார்.
தன் ரத்தத்தைக் கொடுக்க
மூன்று மாதம் ஆனது அவருக்கு.
யாரிடமிருந்து யாருக்கு என்று
அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.
கேள்வி மட்டும் கொசுவத்திச் சாம்பலாய்
கட்டிலடியில் உதிர்ந்தது.

போத்தல் குலுங்கினால் சத்தம் வரும்.
பஞ்சு அடைத்து மைலோ டின்னில் வைத்தேன்.
இரவு ஒன்பதுக்கு
மாமியார் ஹாலில் நாடகத்துக்கு அழும்போது
அடுப்படியில் நான் விழுங்குவேன்.
என்ன மாத்திரை?
இரும்பு.
இவ்வளவு இரும்பைத் தின்றும்
இப்படி வெளுத்துக் கிடக்கிறாளே என்பார்.

சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில் பிறந்தாள்.
மூன்று கிலோவுக்கு நூறு கிராம் குறைவு.
அவள் நாக்கில் முதலில் பட்டது மருந்து.

நான் பதினாறு வயதிலிருந்து பால் வெட்டுகிறவள்.
விடிவதற்குள் முந்நூறு மரம்,
மரத்துக்கு ஒரு கோடு, கோட்டுக்கு ஒரு கோப்பை,
கிலோவுக்கு இத்தனை வெள்ளி.
மழை நாளைத் தவிர
எந்த மரமும் என்னிடம் இல்லையென்றதில்லை.

மூன்றாம் நாள் நெஞ்சு கல்லாய்க் கட்டிக்கொண்டது.
மல்லிகை வைத்துக் கட்டினால் வற்றும் என்பார்கள்.
சொல்லாமலே வாங்கி வந்தார் லோகநாதன், ஆறு முழம்.
சாமிக்கா என்றாராம் பூக்கடைக்காரர்.
ஆமாம் என்றாராம் இவர்.
அது கேட்ட மன்னிப்பா, கொடுத்த மன்னிப்பா
என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

ஏண்டி புட்டி?
ஊறலைக்கா.
அவ்வளவுதான், பாதி லயம் சுறாமீனோடு வந்தது.
பூண்டு வந்தது, முருங்கைக்கீரை வந்தது.
எதிரில் உட்கார்ந்து ஊட்டினார்கள். தின்றேன்.
அது வேறு ஊறித் தொலைத்தது.
நடுராத்திரி குளியலறையில் பிழிந்து ஊற்றினேன்,
கிலோ போட்டு எழுத ஆளில்லாத பால்.

ஆறாவது வாரம் அவளுக்கு ரத்தம் எடுக்க வரச் சொன்னார்கள்.
பின்புற அறைக்கு முன்னால் மூன்றே நாற்காலி.
நடுவில் கைப்பையை வைத்துவிட்டு
யோகாம்பிகை உட்கார்ந்திருந்தார்,
டிவிஷன் கிராணியின் மனைவி,
என் பாலை நிறுத்து எழுதுகிறவர் வீட்டம்மா.
மடியில் ஒரு பையன்.
காலடியில், மிஸ்ஸி எனக்குக் கொடுப்பது போலவே
ஒரு கறுப்புப் பை,
மாவு டின்னின் வட்டம் புடைத்துக்கொண்டு.

பொய் சொல்ல இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம்.
மூடினோம்.
மின்விசிறி எங்கள் பக்கம் திரும்பியது, போனது,
மறுபடி திரும்பியது.
யோகாம்பிகை கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.
உட்கார்ந்தேன்.

கொதிச்ச தண்ணிய எவ்வளவு நேரம் ஆற விடுற?
நேரமெல்லாம் பாக்கறதில்ல,
கையில விட்டுப் பாப்பேன்.
எனக்கு அது புரியவே மாட்டேங்குது என்று
புட்டியைச் சாய்த்து
என் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டார்.
சுடுதா?

உள்ளேயிருந்து ஒரு நம்பரைக் கூப்பிட்டார்கள்.
யாருடையது என்று
நாங்கள் சீட்டைப் பார்க்கவில்லை.
கொஞ்சம், என்றேன். இன்னும் கொஞ்சம் ஆறட்டும்.